பெரியவன், சின்னவள்

பெரியவனைக் கொடுத்துவிடலாம்தான், ஆனால் எப்படிக் கொடுப்பது, இந்த இரும்பை, விளிம்பில் கறுப்பு உரிந்து பித்தளை எட்டிப் பார்க்கிற இந்தப் பிடிவாதக்காரனை... அவள் சன்னலோர மேசையில் பழைய துண்டை விரித்து இரண்டு ஃபிலிம் கேமராக்களையும் பக்கம் பக்கமாக வைத்திருந்தாள். மாடி வீட்டுப் பல் டாக்டர் காலை நோயாளிகளை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார், ஃபிலிமில் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள ஆசை, இரண்டில் எதை விற்றாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று மாடிப்படியில் நின்று கேட்டிருந்தார், அவளும் தலையாட்டிவிட்டாள். ஆட்டியதில் தப்பில்லை. இரண்டு இருப்பதால்தானே ஒன்றையும் தொடுவதில்லை, வெளியே கிளம்பும்போதெல்லாம் எதை எடுப்பது என்று யோசித்து யோசித்துக் கடைசியில் வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு திரும்பி... பத்திரிகையில் மேசை வேலைக்கு மாறிய பிறகு மற்றவர்கள் எடுத்ததிலிருந்து பொறுக்குவதே பிழைப்பாகிவிட்டது, தன் கையால் கடைசியாக எடுத்த படம் எது? ஞாபகம் வரவில்லை. ஒன்றுதான் இருக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்கா நீந்தப் போகிறாள், தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக, அறுபது தாண்டியவர்களுக்கான போட்டியில், இன்னொரு முறை இப்படி இறங்குவாளா என்பது அந்தத் தோளுக்குத்தான் வெளிச்சம். நீச்சல்குளத்துக்கு எது கூட வருகிறதோ அது வீட்டில் தங்கும், மற்றது மாடிக்குப் போகும், இதில் குழம்ப என்ன இருக்கிறது?

“ரெண்டு மாமியாருக்கு நடுவுல மாட்டின மருமக மாதிரி உக்காந்திருக்கியே” என்றார் கணவர், சமையலறை வாசலில் கத்தியும் பாதி உரித்த வெங்காயமுமாக. நீங்க உங்க வெங்காயத்தைப் பாருங்க என்று சொல்லிவிட்டுப் பெரியவனைக் கையில் எடுத்தாள். என்ன கனம். முற்றிய தேங்காய் மாதிரி. மழையில் நனைந்திருக்கிறான், ஊர்வலத்தில் ஒருவன் தலையில் இடித்து அந்தத் தலைதான் வீங்கியது, இவனுக்கு ஒன்றுமில்லை, பேட்டரி செத்தாலும் இவன் சாகமாட்டான், உள்ளே இருப்பதெல்லாம் பல்சக்கரமும் வில்லும்தான், யாரோ ஒரு மனிதர் எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து இவ்வளவையும் இவ்வளவு சின்ன வயிற்றுக்குள் அடுக்க முடியும் என்று நினைத்தாரே, அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதையே உள்ளே சாய்ந்து நிற்கும் கண்ணாடி அவள் கண்ணுக்குக் காட்டும், பொய்யே கிடையாது. அக்காவின் அந்தப் படம் இவன் எடுத்ததுதானே, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பும் நொடி, தலைக்கு மேல் தண்ணீர் இன்னும் உடையாமல் கண்ணாடித் தொப்பி மாதிரி கவிந்திருக்க, உள்ளே திறந்த கண்ணும் பல்லைக் கடித்த வாயும்... முதல் பக்கத்தில் வந்தது, அக்கா வீட்டுக் கூடத்தில் இன்னும் தொங்குகிறது, வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்து எப்படித்தான் எடுத்தாயோ என்கிறார்கள். எப்படி எடுத்தாள்? அக்கா அப்படி நீந்தினாள், இவள் பொத்தானை அமுக்கினாள், அவ்வளவுதான். அப்படி நீந்துகிறவளை யார் எடுத்திருந்தாலும் படம் விழுந்திருக்கும்.

சின்னவள் வேறு சாதி. கைக்குள் அடங்குகிறவள், அமுக்கினால் நாக்கைத் தட்டுகிற அளவுக்குத்தான் சத்தம், தூங்குகிற குழந்தைகூடத் திரும்பாது. இவளிடம் பார்ப்பதற்கு ஒரு தனிச் சன்னல், மூலையில், லென்ஸுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லை. சன்னலுக்குள் ஒரே முகம் இரண்டாகத் தெரியும், விரலால் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றன்மேல் ஒன்று உட்காரும், எத்தனை தடவை பார்த்தாலும் அந்த உட்காருதல் சலிக்கவில்லை, பிரிந்த இரண்டு பேர் சமாதானமான மாதிரி. ஆனால் சன்னல் தனி என்பதால்தானே அந்த வம்பு... அக்கா ஓய்வு பெறுவதற்கு முன் நீந்திய கடைசிப் போட்டி, குளத்தோரம் வரை போகலாம் என்று அனுமதி கிடைத்து, சின்னவளோடு மண்டியிட்டிருந்தாள், தண்ணீர் தெறிக்கிறதே என்று லென்ஸுக்கு மூடி போட்டாள், போட்டவள் கழற்ற மறந்தாள். சன்னலில் எல்லாம் துல்லியம். ரோல் முழுக்க எடுத்தாள். பத்திரிகையின் இருட்டறைக்காரர் கழுவிய ஃபிலிமைத் தூக்கிப் பிடித்தார், அந்தப் பக்கம் அவர் முகம் தெரிந்தது, “என்னம்மா, வெறும் தண்ணியைப் படம் புடிச்சிட்டு வந்திருக்கீங்க, ஒரு மீனைக்கூடக் காணோம்.” அக்காவோ, “நல்லதாப் போச்சுடி, நாலாவதா வந்த மூஞ்சிய யாரு பாக்கப் போறா” என்று சிரித்தாள். குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது எதையாவது மறந்தால் “மூடியைக் கழட்டினியா” என்றுதான் கேட்கிறார்கள். ஆக, பெரியவன்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு அவனே வரட்டும். அவனிடம் மூடி இருந்தால் அவனே இருட்டாகிச் சொல்லிவிடுவான்.

டாக்டர் வந்தபோது கைகளில் கையுறை மாவு வாசனை. பெரியவனைத் தூக்கிப் பார்த்து, “யப்பா, இதை வெச்சே பல்லைப் பேத்துடலாம் போலிருக்கே மேடம்” என்றார். அமுக்கிப் பாருங்க, உள்ள ஃபிலிம் இல்ல என்றாள். டாக்டர் அதை அவள் கணவரை நோக்கிப் பிடித்தார், வெங்காயக் கண்ணீரோடு நின்றவர் சட்டென்று தலைமுடியைக் கோதிக்கொண்டார், அதைப் பார்த்து இவளுக்குச் சிரிப்பு வந்தது, இவள் சிரிக்க அவரும் சிரிக்க, டாக்டர் அமுக்கினார், டப்பென்று கண்ணாடி எழும்பி விழுந்தது. டாக்டர் முகத்தைச் சுளித்தார். “சார் சிரிக்க ஆரம்பிச்சது தெரிஞ்சுது, அமுக்கினதும் இருட்டாயிடுச்சே. ரிப்பேரா?” ரிப்பேர் இல்ல டாக்டர், படம் விழுற நேரத்துல கண்ணாடி மேல போயிடும், அப்ப நமக்கு ஒண்ணும் தெரியாது என்றாள், எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை சொன்னதுதான். “அப்போ படத்துல இருக்கறதை எடுத்தவங்க மட்டும் பாத்திருக்கவே மாட்டாங்களா?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். கண்ணாடித் தொப்பி, திறந்த கண், கடித்த பல்... அதை எப்போது பார்த்தாள்? இருட்டறைத் தட்டில், காகிதத்தில், எல்லாரோடும் சேர்ந்துதான். குளத்தில் அந்த நொடி அவளுக்கு இருட்டு. மாறாக, ஒன்றுமே விழாத அந்தப் போட்டி, அது எப்படி இவ்வளவு துலக்கமாக... அக்கா சுவரைத் தொடுகிறாள், நேரப் பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை, பக்கத்துப் பாதையில் ஜெயித்த சின்னப் பெண்ணின் பக்கம் திரும்பி, ஈரத் தலையில் உள்ளங்கையை வைத்து ஒரு தட்டு தட்டுகிறாள், மூச்சு வாங்குகிறது, சிரிக்கிறாள். தோற்றவள் சிரிக்கிற சிரிப்பா அது? எவ்வளவு பெரிய மனுஷி. பார்த்தாள், கண்ணால் பார்த்தாள். பார்த்தாளா? இல்லை, மாட்டி வைக்கப் படம் இல்லாததால் மனசே உட்கார்ந்து வரைந்துகொண்டதா? அக்காவிடம் கேட்டால், எனக்கென்னடி தெரியும், நான் தண்ணியிலதானே இருந்தேன் என்பாள்.

“எதை எடுத்துக்கட்டும் மேடம்?”

“பெரியவனையே எடுத்துட்டுப் போங்க டாக்டர்” என்று அவள் குரல் சொன்னது, அவளுக்கு முந்திக்கொண்டு. டாக்டர் அவனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குழந்தை மாதிரி குனிந்து பார்த்தார். அவள் சின்னவளைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள், சன்னலுக்குள் கணவர் இரண்டாக இருந்தார், வளையத்தைத் திருப்பினாள், ஒன்றாகி உட்கார்ந்தார், அமுக்கினாள், அமுக்கிய நொடியிலும் அவர் அங்கேயே இருந்தார், இமையோரத்தில் வெங்காயத் துளி உருண்டு இறங்குவதுவரை தெரிந்தது. “அம்மா தாயே, மூடி!” என்று கத்தினார் அவர், “மறுபடியுமா?” டாக்டருக்கு விஷயம் புரியாமலே சிரிப்பு. அவளும் சிரித்துக்கொண்டு கையை முன்னால் கொண்டுபோனாள், இருக்கத்தான் இருந்தது, வட்டமாக, வழவழவென்று. கழற்றினாள்தான். ஆனால் உடனே கழற்றவில்லை, மூடி இருந்தும் எல்லாம் தெரிந்ததே, கட்டைவிரல் அதன்மேல் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நகர்ந்தது, எதற்கு நின்றது என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்துகொள்ள வேண்டும்...