கீழ்க்குழாய்

சிவகரன் முன்வளவில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அதன் அருகே குந்தியிருந்தான். ஸ்கந்தபுரம் சந்திக்குப் போய்வருவதற்குள் இன்றும் எஞ்சின் சூடேறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. இந்தக் கிழமையில் இது மூன்றாவது தடவை. குசினி வாசலில் நின்ற அவன் மனைவி தாட்சாயினிக்கு அந்த விளக்கைப் பற்றி அவனைவிடக் கூடுதலாகத் தெரியும். அதைச் சொல்ல முடியாமல்தான் நின்றாள்.

அம்பாறைக்கு நெல் வெட்டும் மெசின் ஓட்டப் போன அவன், மூன்று மாதத்துக்குப் பிறகு, போன கிழமைதான் திரும்பியிருந்தான். போகும்போது மோட்டார் சைக்கிளைக் காட்டி, "இதைத் தொடாதை, விழுந்தா உன்னால நிமித்தேலாது" என்று சொல்லி, சாவியை அலுமாரிக்குள் வைத்தான். முதற் கிழமை அவள் அதைத் தொடவில்லை. இரண்டாம் கிழமை வளவுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒரு மாதத்தில் அக்கராயன் குளக்கட்டில் ஓடினாள். தலைக்கவசத்துக்குள் தன் மூச்சு மட்டும் கேட்க, ஒருவருக்கும் மனைவியாகவோ மருமகளாகவோ இல்லாமல் ஒரு அரைமணி நேரம். அப்படியொரு நேரம் தனக்கு வேண்டியிருந்தது என்பதே முப்பத்தாறு வயதில்தான் அவளுக்குத் தெரிந்தது.

எஞ்சினைக் குளிரவைக்கும் ரேடியேற்றரில் தண்ணீர் குறையும்போதெல்லாம், கைபேசியில் பார்த்துப் பழகி, கிணற்றில் அள்ளி ஊற்றினாள். குடிதண்ணீர் பிடித்துவைத்த பிளாஸ்ரிக் கான் குசினிக்குள் இருந்தது. சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து ஊரே வரிசையில் நின்று பிடித்து வருகிற வடிகட்டிய தண்ணீர். அதைக் கொண்டுபோய் எஞ்சினுக்கு ஊற்ற எவளுக்கு மனம் வரும்?

சிவகரன் ரேடியேற்றர்த் தகடுகளுக்குள் அடைந்திருந்த தூசியைப் பழைய பல்துலக்கியால் தட்டி எடுத்தான். எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தான். விளக்கு எரிந்தது.

"காத்தாடி சுத்துது. அப்ப பிழை அதில இல்லை," என்றான் தனக்குத்தானே.

ஆறும்வரை பொறுத்திருந்து, ரேடியேற்றருக்குப் பக்கத்திலிருந்த சிறு போத்தலின் மூடியைத் திறந்தவன் அவளைக் கூப்பிட்டான்.

"இஞ்சேர், வந்து பார். கூலன்ற் தண்ணி பச்சையா இருக்கவேணும். மோர்த்தண்ணி மாதிரிக் கிடக்கு. நான் போக முதல் நாள் புதுக் கூலன்ற் விட்டனான் எண்டு சொன்னவன் கராஜ் சிறாஜ். ஏமாத்திப்போட்டான்."

"அவன் அப்பிடிச் செய்யிற ஆளில்லை," என்றாள்.

"உனக்கென்ன தெரியும்?"

உண்மையைச் சொன்னால் சாவி போய்விடும். சாவியோடு அந்த அரைமணி நேரமும் போய்விடும். அவள் குசினிக்குள் திரும்பிப் போனாள். வெளியே அவன் கைபேசியில் சிறாஜை வரச்சொல்லும் சத்தம் கேட்டது.

சிறாஜ் புத்தளத்தில் வளர்ந்தவன். தகப்பனின் சொந்த ஊர்ப்பக்கம் என்று வன்னிக்கு வந்து, இரண்டு வருடமாகச் சந்தியில் கராஜ் வைத்திருக்கிறான். ஏமாற்றுக்காரன் என்று ஒருவர் வாய்விட்டால், ஊர் அடுத்த கராஜுக்குப் போய்விடும். இது சிவகரனுக்கும் தெரியும்.

சிறாஜ் வந்ததும் எஞ்சினை ஓடவிட்டு ரேடியேற்றரின் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்த்தான்.

"மேல்குழாய் கொதிக்குது. கீழ்க்குழாய் குளிர்ந்து கிடக்கு. உள்ள தண்ணி ஓடேல்ல, அண்ணை."

ஆறவிட்டுத் தண்ணீரை வடித்து, சூட்டுக்குத் திறந்து மூடும் அடைப்பைக் கழற்றினான். அது சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினான். பிறகு ஒரு கணம், ஒரு கணம்தான், நிமிர்ந்து தாட்சாயினியைப் பார்த்தான். குளக்கட்டில் ஒரு மாலை எதிரே வந்து, மோட்டார் சைக்கிளை அடையாளம் கண்டு கை காட்டியவன் அவன். பிறகு ஒருநாளும் அதைப்பற்றிக் கதைத்ததில்லை.

"கிணத்துத் தண்ணி," என்றான்.

"ஆர் விட்டது? இதில உன்ர கையும் என்ர கையும்தான் பட்டது."

சிறாஜ் அடைப்பைத் துணியால் துடைத்தான். நெடுநேரம் துடைத்தான்.

"பிழையை என்னில வைச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. கழுவித் தாறன்."

"கழுவித் தந்தாச் சரியோ? நாளைக்குச் சந்தியில நாலு பேருக்குச் சொல்லாமல் விடமாட்டன்."

தாட்சாயினி உள்ளே போனாள். முழுகச் சுடுதண்ணீர் வைக்கிற பழைய கேத்திலை எடுத்துவந்து, கழற்றிவைத்த அடைப்புக்குப் பக்கத்தில் மூடியைத் திறந்து வைத்தாள். அதன் உட்புறமும் அதே வெள்ளையாகப் படை படையாக இருந்தது.

"ரெண்டும் ஒரே கிணறு. நான்தான் விட்டனான்."

"சும்மா நிண்ட மோட்டச்சைக்கிளுக்கு என்னத்துக்குத் தண்ணி?"

"நிண்டாச் சூடேறாது. ஓடினாத்தான் ஏறும்."

சிவகரன் அவளைப் பார்த்தான். பத்து வருடமாகப் பார்த்துப் பழகிய முகத்தில் எதையோ தேடுவதுபோலப் பார்த்தான்.

"எங்க மட்டும் போனனீ?"

"முறிகண்டி மட்டும்."

"ஆரோட?"

அந்தக் கேள்விதான் அவளைச் சுட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"தனிய."

சிறாஜ் குனிந்து எதையோ தேடினான். "குளக்கட்டில கண்டனான் அண்ணை," என்றான் நிலத்தைப் பார்த்தபடி. "வளைவில அக்கா உங்களைவிட வடிவா வெட்டுறா."

"நீ வாயைப் பொத்து." சிவகரன் மோட்டார் சைக்கிளிலிருந்து சாவியை உருவிச் சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டான். பிறகு வேறெங்கோ பார்த்தபடி, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ, சிறாஜ்," என்றான்.

"முதல்ல கழுவுவம். நல்ல தண்ணி வேணும்."

தாட்சாயினி குடிதண்ணீர்க் கானைத் தூக்கி வந்தாள். கழுவி முடியும்வரை அடைப்பைப் போடாமல், சிறாஜ் மற்றவற்றைப் பூட்டினான். கீழ்க்குழாயின் கிளிப் தேய்ந்து கசிந்தது. இவ்வளவு நாளும் தண்ணீர் இறங்கியது அதனால்தான். சிவகரன் அந்தப் பொருத்தை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்தான். சிறாஜ் மேலிருந்து கானைச் சரித்தான்.

"ஆராவது ஸ்டார்ட் பண்ணுங்கோ, தண்ணி சுத்தவேணும்," என்றான் சிறாஜ்.

சிவகரன் தன் இரு கைகளையும் பார்த்தான்.

"பொக்கற்றுக்குள்ள கிடக்கு. எடு."

அவள் குனிந்து, வேர்வையில் நனைந்த சேட்டுப் பொக்கற்றுக்குள் விரலை விட்டுச் சாவியை எடுத்தாள். எஞ்சினை முடுக்கி, பிடியை மெல்லத் திருகினாள். எஞ்சின் இரைச்சல் ஏறியிறங்காமல் ஒரே அளவாக நின்றது. அவள் சிவப்பு விளக்கையே பார்த்திருந்தாள். சிவகரன் விளக்கைப் பார்க்கவில்லை. பிடியிலிருந்த அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீழ்க்குழாய்க்கும் சூடு வருது," என்றான் கடைசியில். "விட்டிடாதை. அப்பிடியே பிடி."