மூக்கு மேசை

புகார் சொல்லிச் சொல்லியே வேலை வாங்கியவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. மூக்கக்கா அதில் ஒருத்தி.

அந்த நகரம் அதுவரை நிலத்துக்கு அடியில் இருந்த தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு போர் கிணறு. பக்கத்து வீட்டுக்காரன் ஆழப்படுத்தினால் இவனுக்குப் பொறுக்காது, இவன் அதைவிட ஆழமாகத் துளைப்பான். தண்ணீர் முதலில் கரித்தது. பிறகு சோப்பு நுரைக்காமல் போனது. கடைசியில் ஒரு கோடையில் குழாய்கள் வெறும் காற்றைத் துப்பின. அப்போதுதான் ஊருக்கு வெளியே தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த ஆற்றின் ஞாபகம் எல்லோருக்கும் வந்தது. மதகு கட்டினார்கள், சுத்திகரிப்பு நிலையம் எழுப்பினார்கள், ஆற்றை வீட்டுக் குழாய்க்குள் கொண்டுவந்தார்கள்.

போர் தண்ணீருக்கு வருஷம் முழுக்க ஒரே குணம். ஆறு அப்படியில்லை, அதற்கு வேளைக்கு ஒரு புத்தி. வெயில் ஏறினால் பாசி வாடை, மழை விழுந்தால் மண் வாடை. குடித்தால் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் குழாயைத் திறந்ததும் மூக்கைப் பிடிக்கிற தண்ணீரை யார் குழந்தைக்குக் கொடுப்பார்கள்?

மூக்கக்கா மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் கடல் தாண்டிப் போய் வாரத்துக்கு ஒரு தரம் போனில் வருவான். பேச ஆளில்லாத வீட்டில் மூக்குக்குக் கூர்மை கூடிவிடும் போலிருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் வந்த முதல் வாரமே தண்ணீர் இலாகாவின் புகார் எண்ணுக்குப் போன் போட்டாள்.

"தண்ணியில ஈர மண்ணு வாடை வருதும்மா."

மறுநாளும் போட்டாள். அதற்கு மறுநாளும். புகார் எடுக்கிற பெண்ணுக்கு அவள் குரல் பாடமாகிவிட்டது.

"அம்மா, மறுபடியும் நீங்களா?"

ஊரில் யாருக்கும் தெரியாத லேசான வாடை கூட இந்த ஒருத்திக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிட, நிலையத்தின் கெமிஸ்ட் நேரிலேயே வந்தாள். சின்ன வயசுப் பெண், துடிப்பானவள். பையிலிருந்து பாட்டில்களை எடுத்து வரிசையாக வைத்து முகரச் சொன்னாள். மூக்கக்கா ஒவ்வொன்றையும் திறந்து, இது ஆற்றில் அப்படியே பிடித்தது, இது வாடை போகக் கரித்தூள் போட்டது, இது வெறுந்தண்ணீர் என்று புட்டுப்புட்டு வைத்தாள். கெமிஸ்ட் பாட்டில்களை மூடிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, வீட்ல உக்காந்து சொல்றத எங்க கிட்ட வந்து சொல்லுங்களேன்."

அப்படித்தான் அவள் மூக்கு மேசைக்கு வந்தாள். மேசைக்கு இலாகா வைத்த பெயர் வேறு, ஒரு முழ நீளம் இருக்கும். அதை யாரும் சொல்வதில்லை. தினமும் காலையில் தண்ணீரை ஊருக்குத் திறந்துவிடுவதற்கு முன்னால் மூன்று பேர், அவளும் நிலையத்தின் ஜீப் டிரைவரும் ஸ்டோர்கீப்பரும், அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து முகர வேண்டும். கெமிஸ்ட் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி லேசாகச் சூடாக்கிக் கொண்டுவருவாள். குலுக்கி, மூடியைத் திறந்து, முகர்ந்து, சீட்டில் எண் போட்டு அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். வாடை இல்லையென்றால் சைபர். குடுவைகளில் ஒன்று காய்ச்சி வடித்த வெறுந்தண்ணீராக இருக்கும். எது என்று கெமிஸ்டுக்கு மட்டும்தான் தெரியும். எழுதி முடிக்கும்வரை பேசக்கூடாது. வாசனைச் சோப்பு, பவுடர், தைலம் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. கெமிஸ்ட் மருந்துகளோடு புழங்குகிறவள் என்பதால் அவள் மூக்குக்கு ஓட்டுக் கிடையாது.

எழுதி முடித்ததும் டீ வரும். மூக்கக்காவுக்கு அந்த டீ நேரம்தான் எல்லாம். டிரைவர் தம்பி வாயைத் திறந்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. ஸ்டோர்கீப்பர் அதிகம் பேசமாட்டார், ஆனால் சிரிக்க வேண்டிய இடத்தில் தவறாமல் சிரிப்பார். நாளைக்கு மேசையில் என்ன சொல்லலாம் என்று அவள் முந்தின நாள் சாயங்காலமே யோசித்து வைத்துக்கொள்வாள். படிக்கட்டில் பூனை குட்டி போட்டது, எதிர் வீட்டுக்காரர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனது, இப்படி ஏதாவது. அந்த மேசை இல்லாவிட்டால் அவற்றைச் சொல்ல அவளுக்கு இந்த ஊரில் ஓர் ஆள் கிடையாது.

அப்படிப்பட்ட மூக்குதான் ஒரு ஜலதோஷக் காய்ச்சலில் போய்விட்டது.

போனது அவளுக்கே தெரியவில்லை. ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே துணி மடித்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. எதிர் வீட்டுப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, எதையோ தீய விட்டுட்டீங்களா? மாடியெல்லாம் புகை."

திரும்பிப் பார்த்தால் பாத்திரம் கரிக்கட்டையாகக் கிடந்தது. எதிர் வீட்டுப் பெண் போனதும் மூக்கக்கா சோப்பை முகர்ந்தாள். மண்ணெண்ணெயை முகர்ந்தாள். கணவரின் பழைய ஸ்வெட்டரை, துவைக்காமல் ஒரு பையில் கட்டி வைத்திருந்ததை, எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அதிலும் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அதற்குத்தான் அழுதாள், பாலுக்கு இல்லை.

"திரும்பி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்," என்றார் டாக்டர். அதைச் சொல்ல ஒரு டாக்டர் வேறு.

அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மூக்கு இல்லாதவளுக்கு மூக்கு மேசையில் நாற்காலி எதற்கு? நாற்காலி போனால் டீ போகும், டிரைவரின் கதை போகும், காலையில் தெருமுனையில் இரண்டு தடவை ஹாரன் அடித்து அவளை ஏற்றிக்கொள்கிற ஜீப் போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தாள். மறைக்கவும் முடிந்தது, டிரைவர் தம்பியின் முகத்தால். அவன் மனசில் ஒன்றும் தங்காது, எல்லாம் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். குடுவையில் வாடை இருந்தால் இடது புருவம் ஏறும். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் வாய் கோணும். அவன் முகர்ந்த குடுவைதான் அடுத்து இவள் கைக்கு வரும். புருவத்தைப் பார்த்து எண் போட்டுவிட்டு, மரியாதைக்கு ஒரு தரம் குடுவையை மூக்கருகில் கொண்டுபோவாள்.

"அக்கா மூக்கும் என் மூக்கும் இரட்டைப் பிள்ளைங்க மேடம்," என்பான் அவன் சீட்டுகளைப் பார்த்து. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

கோடை முடிந்து மேற்கே முதல் மழை இறங்கிய மறுநாள், ஜீப்பில் அவளைக் கொண்டுவந்து விட்ட கையோடு டிரைவரை மதகுக்கு மேலே தண்ணீர் பிடித்துவர அனுப்பிவிட்டார்கள். மேசையில் அவளும் ஸ்டோர்கீப்பரும் மட்டும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

ஸ்டோர்கீப்பரின் முகம் பூட்டிய கதவு. அதில் ஒன்றும் படிக்க முடியாது. அவர் சீட்டையும் நம்ப முடியாது, ஏனென்றால் அவர் எதற்கும் சைபர் போட்டதே இல்லை. வெறுந்தண்ணீருக்கும் 'லேசாக' என்று எழுதுவார். போன மாதம் அறையின் சுவரே நாறுகிறது என்று சொல்லி எல்லோருடைய கேலிக்கும் ஆளானவர்.

நான்கு குடுவைகளும் ஒவ்வொன்றாக அவள் கைக்கு வந்தன. ஒவ்வொன்றையும் குலுக்கித் திறந்தாள். மூக்கில் சூடு பட்டது. அவ்வளவுதான். மழை பெய்திருக்கிறது, வாடை இருந்தாக வேண்டும் என்றது ஒரு மனசு. கெமிஸ்ட் முன்யோசனைக்காரி, ராத்திரியே கரித்தூள் போட்டிருப்பாள் என்றது இன்னொரு மனசு. இல்லாததை இருக்கிறது என்று எழுதி மாட்டிக்கொள்வதைவிட இது மேல் என்று நான்கு சைபர் போட்டாள்.

கெமிஸ்ட் அவசரத்தில் இருந்தாள். மேல்தொட்டிகள் அடி தெரியக் கிடந்தன, நாலு பக்கமிருந்தும் போன் வந்துகொண்டிருந்தது. சீட்டுகளை வாங்கி மூக்கக்காவுடையதை மட்டும் பார்த்தாள்.

"நாலும் சைபர். அக்காவே சொல்லியாச்சு, அப்புறம் என்ன? திறந்துடலாம்."

போனை எடுத்தாள். ஸ்டோர்கீப்பர் தொண்டையைச் செருமினார்.

"மேடம், எனக்கு மண் வாடை தெரியுது. பலமாவே தெரியுது."

"உங்களுக்குச் சுவரே நாறும் சார்," என்று சிரித்தாள் கெமிஸ்ட், எண்களை அழுத்திக்கொண்டே.

அவர் சண்டை போடவில்லை. முதல் குடுவையை மறுபடி எடுத்துத் திறந்து முகர்ந்து பார்த்தார். மூக்கக்காவைப் பார்த்தார்.

"உங்களுக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியலையாக்கா? அப்ப எனக்குத்தான் ஏதோ கோளாறு போல."

சொல்லிவிட்டு, பலமாக இருக்கிறது என்று தான் எழுதியதை அடிக்கப் பேனாவைத் திறந்தார்.

அவளால் அதைத் தாங்க முடியவில்லை. ஊர் நாறினால் அவள் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள், அது கண்ணுக்குத் தெரியாத ஊர். இது எதிரில் உட்கார்ந்திருக்கிற மனுஷன். தன் சொந்த மூக்கை விட்டுவிட்டு, இல்லாத ஒரு மூக்கை நம்புகிறார்.

"அடிக்காதீங்க சார்," என்றாள். கெமிஸ்ட் பக்கம் திரும்பினாள். "போனை வைம்மா. அவர் சொல்றதுதான் சரி. எனக்கு மூக்கு போய் ரெண்டு மாசம் ஆச்சு."

கெமிஸ்ட் போனை வைத்தாள். விதியை மீறித் தானே ஒரு குடுவையைத் திறந்து முகர்ந்தாள். மருந்து நெடியில் பாதி செத்த மூக்கு, அதற்கே தெரிந்துவிட்டது. முகம் சுருங்கியது. மறுபடி போனை எடுத்து, மதகை மூடு, கரித்தூளை இரட்டிப்பாகப் போடு, இன்றைக்கு மட்டும் பழைய போர்களில் ஊறியிருக்கிறதை எடுத்து விடு என்று மளமளவென்று சொன்னாள். அன்றைக்கு டீயை யாரும் கேட்கவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகுதான் கெமிஸ்ட் மூக்கக்காவிடம் வந்தாள்.

"ஒரே ஒரு நாள் நாத்தத் தண்ணி ஊருக்குப் போயிருந்தா போதும்க்கா. ஆத்துத் தண்ணி வேண்டாம்னு ஊரே திரும்ப போர் போட ஆரம்பிச்சிருக்கும். மிச்சம் இருக்கறதையும் உறிஞ்சிருப்பாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்மா."

"முதல் நாளே சொல்லியிருந்தா லீவு குடுத்திருப்பேனே."

"அந்த லீவுக்குத்தாம்மா பயந்தேன்."

கெமிஸ்ட் மேசையிலிருந்த சீட்டுகளை எடுத்து அடுக்கினாள். கோபம் தணிந்த மாதிரியும் இருந்தது, தணியாத மாதிரியும் இருந்தது. "இனிமே உங்கள உக்கார வைக்க முடியாதுக்கா. வீட்டுக்குப் போங்க," என்றாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஸ்டோர்கீப்பர் வாசல்வரை கூட வந்தார்.

அடுத்த நாளிலிருந்து ஜீப் தெருமுனையைத் தாண்டிப் போகிற சத்தம் மட்டும் கேட்டது. ஹாரன் இல்லை. பழக்கதோஷத்தில் அவள் சீக்கிரமே குளித்துத் தலை வாரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். படிக்கட்டில் பூனைக்குட்டிகள் தாயை விட்டுத் தனியாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டன. அதைச் சுவரிடம்தான் சொல்ல வேண்டும். மகன் போனில் "எப்படி இருக்கே?" என்று கேட்டான். நல்லா இருக்கேன் என்றாள். மூக்கைப் பற்றிச் சொன்னால் விமானம் ஏறி வரப் போகிறானா என்ன?

குழாயில் ஆற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்துகொண்டிருந்தது. தினமும் ஒரு டம்ளர் பிடித்து, கையால் மூடிக் குலுக்கி முகர்ந்தாள். ஒரு மத்தியானம் அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே போன் பக்கத்தில் போய் நின்றாள். எண் இன்னும் மனப்பாடமாக இருந்தது.

"தண்ணீர் இலாகா, புகார் பிரிவு. சொல்லுங்க."

"தண்ணியில ஒரு வாடையுமே தெரியலம்மா."

"அது நல்லதுதானேம்மா?" என்றது குரல். பிறகு குரல் தாழ்ந்தது. "அக்கா... நீங்களா?"

நிலையத்தில் நடந்தது புகார் பிரிவுக்கு எட்டாமல் இருந்திருக்காது. அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. மறுபடி வந்தபோது குரல் ஆபீஸ் குரலாகவே இருந்தது.

"புகார் எழுதிக்கிட்டேன். ஆள் அனுப்பறோம். எப்ப வீட்ல இருப்பீங்க?"

"எப்பவும்தாம்மா இருப்பேன்," என்றாள் மூக்கக்கா.

போனை வைத்துவிட்டுக் கதவின் தாழ்ப்பாளை எடுத்தாள். இரண்டு டம்ளர்களைத் தேய்த்துக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தாள். கழுவும்போது வாசனைச் சோப்பைத் தொடவில்லை. வருகிற ஆளுக்காவது மூக்கு இருக்கும்.