வெர்னாவின் முதல் கொயோட்டி

1

இந்தக் கதை ஒரு கிழிந்த புருவத்தில் தொடங்கியது. மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மதியம் கடை மூடும் நேரத்தில், வெர்னா ஓல்ஸ்டாட் என் மருந்துக் கடைக்குள் வந்தாள். வலது புருவத்தின் மேல் பிறைபோல ஒரு வெட்டு. ரத்தம் வழிந்து கன்னத்தில் காய்ந்திருந்தது.

வயோமிங்கின் இந்தச் சிற்றூரில் இருபத்திரண்டு வருடமாக மருந்து விற்கிறேன். அந்தப் பிறை எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். துப்பாக்கி மேலிருக்கும் தொலைநோக்கியில் கண்ணை ஒட்டிவைத்துக்கொண்டு விசையை இழுத்தால், உதைப்பில் அதன் விளிம்பு வந்து வெட்டும். வேட்டைக்குப் புதியவர்கள் எல்லோருக்கும் ஒருமுறையாவது விழுகிற வெட்டு.

ஆனால் வெர்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கணவர் இறந்தபின் நாற்பது ஆடுகளைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவள். எலிப்பொறி வைக்கக்கூட மனம் வராதவள் என்று—

(இந்த வாக்கியம் வேண்டாம். என் கடையில்தான் எலிப்பொறி வாங்கினாள்.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள் மூன்று. "விடியலில் காற்று வடமேற்கிலிருந்து வீசியது." நன்றாக இருக்கிறது, ஆனால் நான் அங்கே இல்லை. "நரிகள் தந்திரசாலிகள்." இது பொய். கொயோட்டி நரி இல்லை, ஓநாயும் இல்லை; இரண்டுக்கும் நடுவில் ஒரு காட்டுநாய். நரி என்று எழுதிவிட்டால் நீங்கள் சிறுவயதில் கேட்ட ஏதோ ஒரு நரியை இங்கே கொண்டுவந்து நிறுத்திவிடுவீர்கள். மூன்றாவது: "பதினோரு நாளில் ஏழு குட்டிகள்." இது உண்மை. அவளுடைய காவல் நாய் குளிர்காலத்தில் செத்துப்போனது. வசந்தத்தில் ஆடுகள் ஈன்றதும் கொயோட்டி வரத் தொடங்கியது. ஏழாவது குட்டியின் தோலை மட்டும் வேலியோரம் பார்த்த அன்று, வெர்னா வண்டியை எடுத்துக்கொண்டு டோயலைத் தேடிப் போனாள்.

டோயல் அவள் மகள் ஷானாவின் முன்னாள் கணவன். மாவட்டத்து மண்சாலைகளைச் சமன்செய்யும் இயந்திரத்தை ஓட்டுகிறான். கொயோட்டியைக் கூப்பிட்டு வரவழைப்பதில் அவனை மிஞ்ச இங்கே ஆள் இல்லை. இரண்டு வருடமாக அவனுக்கும் வெர்னாவுக்கும் பேச்சு இல்லை. அவள் இயந்திரத்தின் முன்னால் வண்டியைக் குறுக்கே நிறுத்தினாள்.

"என்ன விஷயம், மிஸஸ் ஓல்ஸ்டாட்?"

(முன்பு 'மாம்', அதாவது அம்மா, என்று கூப்பிட்டவன்.)

"எனக்குக் கொயோட்டி சுடக் கத்துக்குடு."

"ஊர்ல இருபது பேரு இருக்காங்க. யார கூப்பிட்டாலும் வந்து சுட்டுக் குடுப்பாங்க."

"எவனோ வந்து சுட்டுட்டுப் போறதுக்கில்ல. நானே சுடணும்."

"இருபது நிமிஷம் அசையாம, வாயைத் திறக்காம உக்காருவீங்களா?"

"அம்பது புள்ளைங்கள வச்சு பஸ் ஓட்டுறவ நான்."

"அதனாலதான் கேக்குறேன்."

3

டோயலின் பாடம், அவன் சொன்னபடியே:

"வண்டிய மேட்டுக்குப் பின்னாடி விட்டுடணும். கதவ அறையக் கூடாது. காத்து மூஞ்சில அடிக்கணும். முதுகுல அடிச்சுதுன்னா வீட்டுக்குப் போயிடலாம், உங்க வாசனை அதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துடும். புதருக்குப் பின்னால ஒளியாதீங்க, முன்னால உக்காருங்க. அசையலைன்னா நீங்களும் புதருதான்."

இருவரும் புதருக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு, அவன் கொயோட்டியை வரவழைக்கும் ஊதலை வாயில் வைத்தான். அடிபட்ட முயல் கதறுவதுபோல ஒரு சத்தம். "டாக், என் குட்டிங்க கத்துற மாதிரியே இருந்துச்சு" என்றாள் வெர்னா என்னிடம். (மருந்து விற்பதால் ஊருக்கு நான் 'டாக்', அதாவது டாக்டர்.) ஐந்தாம் நிமிடம் அவளுக்கு முழங்கால் வலித்தது. எட்டாம் நிமிடம் மூக்கு அரித்தது. பதினொன்றாம் நிமிடம்—

(இங்கே நான் எழுந்து கடையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். வெர்னாவால் முடியாததை என்னிடமும் எதிர்பார்க்காதீர்கள்.)

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஷானாவின் மணிக்கட்டு உடைந்தது. டோயல்தான் முறுக்கி உடைத்தான் என்று வெர்னா ஊரில் சொன்னாள். மகள் வாயைத் திறக்கவில்லை. அப்போது அவளுக்கு விவாகரத்து வேண்டியிருந்தது. ஊர்ப் பையன்களுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த டோயலை, இனி வரவேண்டாம் என்றார்கள். வெகுநாள் கழித்து ஷானா தொலைபேசியில் அழுதாள்: பனிக்கட்டியில் வழுக்கி விழுந்ததுதான், அம்மா.

பதினொன்றாம் நிமிடம் வெர்னா சொன்னாள்: "டோயல், நீ அவ கையத் தொடலைன்னு எனக்குத் தெரியும்."

அதைப் பேருந்து ஓட்டும்போது பேசுகிற குரலில் சொன்னாள். அறுபது அடி தூரத்துப் பள்ளத்தில், அவள் பார்க்காத, டோயல் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கொயோட்டி திரும்பி ஓடியது.

அவன் ஊதலை இறக்கினான். "இன்னும் ஒரு நிமிஷம் பொறுக்கக் கூடாதா?"

"ஒம்பது மாசம் பொறுத்துட்டேன்."

"ஒம்பது மாசமாத் தெரியுமா?"

அவள் மடியிலிருந்த துப்பாக்கியைத் தரையில் வைத்தாள்.

"என்கிட்ட எதுக்கு இதச் சொல்றீங்க? நான் செய்யலைங்கிறது எனக்கு முதல்லயே தெரியும். ஊர்ல சொன்னீங்க. ஊர்ல போய்ச் சொல்லுங்க."

4

முதல் பிரதியில் டோயலை அங்கேயே எழுந்து போகவைத்தேன். இரண்டாம் பிரதியில் அழவைத்தேன். இரண்டும் அவனுக்குப் பொருந்தவில்லை. உண்மையில் அவன் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, "அடுத்த எடத்துக்குப் போலாம்" என்றான். வண்டியில் வெர்னா சொன்னாள், "என்னை விட்டுட்டுப் போயிடுவன்னு நெனச்சேன்." அவன் சாலையைப் பார்த்தபடி சொன்னான்: "ஆட்டுக்குட்டிங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

ஒரு மைல் தள்ளி மறுபடி உட்கார்ந்தார்கள். இந்த முறை அவள் அசையவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தபோதும் அசையவில்லை. கொயோட்டி சரிவில் இறங்கி ஓடிவந்தது. டோயல் தொண்டையிலிருந்து நாய்போல ஒருமுறை குரைத்தான். அது நின்று பார்த்தது. வெர்னா சுட்டாள். கணவரின் பழைய, கனமான துப்பாக்கி. புருவம் கிழிந்தது. கொயோட்டி விழுந்துவிட்டது என்பதை டோயல் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன், காயத்தைத் துடைத்தபடி.

"சந்தோஷமா இல்ல, டாக். துக்கமும் இல்ல."

பத்து நாள் குட்டி எதுவும் போகவில்லை. பதினொன்றாம் நாள் ஒன்று போனது. மறுநாள் காலை அவள் தனியாகப் போய் உட்கார்ந்தாள்.

5

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். முடித்தும் பார்த்தேன். ஆனால் நீங்கள் என்னை நம்பிப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அன்று கட்டுப்போட்டு முடித்ததும் வெர்னா சொன்னாள்: "நீ படிச்சவன். நம்ம ஊர்ப் பேப்பருக்கு நாலு வரி எழுதிக் குடு. டோயல் செய்யல, நான்தான் பொய் சொன்னேன்னு. கீழ என் பேரப் போடு."

எழுதித் தருகிறேன் என்றேன். நம் ஊர்ப் பேப்பர் வாரம் ஒருமுறை வருகிறது. மூன்று இதழ் வந்துவிட்டது. நான் எழுதியது இந்தக் கதையை மட்டும்தான், அதுவும் இந்த ஊரில் என்னைத் தவிர யாருக்கும் படிக்கத் தெரியாத மொழியில்.

காரணம் இதுதான். வெர்னா அந்தப் பொய்யை முதலில் சொன்னது என் கடையில். மறுவாரம் பேஸ்பால் குழுவின் பொறுப்பாளர் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தபோது, அவரிடம் அதைச் சொன்னது நான். குரலைத் தாழ்த்தி, அக்கறையோடு. டோயலின் பேஸ்பால் பையன்களை அவனிடமிருந்து பிரித்தது வெர்னாவின் வாய் இல்லை. வெர்னாவுக்கு இது தெரியாது. நாலு வரியில் அவள் பெயரைப் போட்டால், பக்கத்தில் என் பெயர்—

6

முடிவுகள். ஒன்று: வெர்னா பெயரோடு கடிதத்தை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பது. இரண்டு: இரண்டு பெயரையும் போட்டு அனுப்பிவிட்டு, யார் இனி என்னிடம் மருந்து வாங்குவார்கள் என்று பார்ப்பது. மூன்று—

மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்தபோது கடைக் கதவு திறந்தது. டோயல். உடம்பெல்லாம் சாலைப் புழுதி. கண்ணுக்குச் சொட்டு மருந்து கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். அவன் பார்வை மேசைமேல் கிடந்த தாள்களில் விழுந்தது.

"என்ன எழுத்து டாக் இது? ஜிலேபி சுத்துன மாதிரி..." (ஜிலேபி என்று அவன் சொல்லவில்லை, கயிறு என்றான். மாற்றியது நான்.)

"எங்க ஊர் மொழி."

"பெருசா எழுதியிருக்கீங்க. எதப் பத்தி?"

பேப்பர் நாளை மதியம் அச்சுக்குப் போகிறது. டோயல் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டான். அவசரமில்லை என்று அர்த்தம். நான் தாள்களின் மேல் கையை வைத்திருக்கிறேன். இதுவரை வந்துவிட்டீர்கள், மேசைக்கு இந்தப் பக்கம் வாருங்கள். அவன் கேட்டது உங்களுக்கும் கேட்டது. எதைப் பற்றி என்று நீங்களே சொல்லுங்கள்.