குன்னூர் மாணவியின் கேள்விகள்

ஊட்டியில் கடை வைத்திருப்பவன் பொருள் விற்பதைவிடப் பதில் சொல்வதுதான் அதிகம். பொட்டானிக்கல் கார்டன் எந்தப் பக்கம், போட் ஹவுஸுக்கு நடந்தே போகலாமா, இந்தச் சாக்லேட் உண்மையிலேயே வீட்டில் செய்ததா, இன்றைக்கு மழை வருமா. பல வருடமாக இதே கேள்விகள்தான், கேட்கிற முகம் மட்டும் மாறும். மழை வருமா என்று கேட்கிறவரிடம், நான் என்ன மேலே போய்ப் பார்த்துவிட்டா வந்தேன் என்று கேட்க வாய் துறுதுறுக்கும். கேட்டதில்லை. கேள்வி கேட்டவரை நிற்கவைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். வியாபாரத்தில் நான் கற்றது இது ஒன்றுதான். என் மகன் செத்த பிறகும் இதைத்தான் செய்தேன்.

என் பெயர் ஷௌகத் அலி. மார்க்கெட் பக்கத்தில் டீத்தூள், வர்க்கி பிஸ்கட், தைலம் விற்கிற கடை. நௌஷாத் எங்களுக்கு ஒரே பிள்ளை. இயற்பியல் படித்தான். படித்துவிட்டு வேலைக்குப் போவான் என்று பார்த்தால், கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனில் மூட்டைகளை ஒதுக்கி, செல்போனை நட்டுவைத்துப் பேச ஆரம்பித்தான். யூடியூபில் ஒரு சேனல். சினிமா இல்லை, சமையல் இல்லை, சூரியன், கோள், நிலா, இவ்வளவுதான். இதையெல்லாம் எவன் பார்ப்பான் என்று கேட்டேன். பார்த்தார்கள்.

அவனுடைய முதல் வீடியோவுக்கு என் டீத்தூளைத்தான் எடுத்தான். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, டஸ்ட் தூளைப் போட்டு, கரண்டியால் சுற்றிவிட்டான். சுற்றல் அடங்க அடங்கத் தூளெல்லாம் நடுவில் வந்து குமிந்தது. "சூரியக் குடும்பம் எப்படி உருவாச்சுன்னு கேக்கறீங்கல்ல? நானூத்தி அறுபது கோடி வருசத்துக்கு முன்னாடி ஒரு பெரிய தூசி மேகம் இப்படித்தான் சுத்திக்கிட்டே சுருங்குச்சு. நடுவுல சேந்தது சூரியன். ஓரத்துல தங்குன மிச்சம் மீதிதான் நாமெல்லாம்" என்றான். அதோடு விட்டானா? டம்ளருக்குள் நடப்பதற்குக் காரணம் வேறு, அங்கே நடந்ததற்குக் காரணம் ஈர்ப்பு விசை, இது கண்ணுக்குக் காட்டுவதற்காக மட்டும் என்றும் சொன்னான். தப்பாக ஒரு சொல் நின்றுவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. தூள் வீணாகிறதே என்று நான் கத்தியதற்கு, அதே தண்ணீரைக் கொதிக்கவைத்து எனக்கே டீயாகக் கொடுத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், மழைக் காலத்தில், கல்லட்டி இறக்கத்தில் பைக்கோடு போனான். மூடுபனி. யார் மேலும் தப்பில்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அதைக் கேட்டால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார் மேலாவது தப்பு இருந்திருந்தால் திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

அவன் பொருட்களோடு செல்போனும் வந்தது. கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலும் வேலை செய்தது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து நான் கடையைத் திறந்த அன்றைக்கு அதில் ஒரு சத்தம். சேனலில் யாரோ கேட்டிருந்தார்கள்: 'அண்ணா, சனி கிரகத்துக்கு மட்டும் ஏன் வளையம்?' கேட்டவருக்கு விஷயம் தெரியாது. யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு ஆளுக்குத் தைலம் கட்டிக் கொடுத்தேன். ஆனால் கல்லாவுக்கு எதிரே யாரோ நின்றுகொண்டே இருக்கிறமாதிரி இருந்தது.

அவனுடைய பழைய வீடியோவைத் தேடிப் பார்த்தேன். பிறகு ஒரு விரலால் எழுதினேன். 'நல்ல கேள்வி. சனிக்கு மட்டும் இல்லை, வியாழன், யுரேனஸ், நெப்டியூனுக்கும் வளையம் உண்டு, மங்கலாக இருக்கும். சனியின் வளையம் ஒரே தட்டு கிடையாது. எல்லாம் ஐஸ் துண்டுகள். வர்க்கி டின்னுக்கு அடியில் நொறுங்கல் கிடக்குமே, அந்தமாதிரி.' அவன் எப்போதும் 'நல்ல கேள்வி' என்றுதான் ஆரம்பிப்பான். அதனால் நானும் அப்படியே ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் 'நன்றி அண்ணா' என்று வந்தது.

அந்த 'அண்ணா' நௌஷாத்துக்குச் சொன்னது. அந்த மனிதரைப் பொறுத்தவரை நௌஷாத் ஊட்டியில் எங்கேயோ உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவு நாளில் முதல் தடவையாக எனக்கு மூச்சு முழுதாக உள்ளே போனது.

அதிலிருந்து தினமும் பதில் சொன்னேன். புளூட்டோவை ஏன் நீக்கினார்கள், செவ்வாய் ஏன் சிவப்பு, கோள்கள் எல்லாம் ஏன் ஒரே திசையில் சுற்றுகின்றன. இங்கேயும் அதே பத்துக் கேள்விகள்தான், எனக்குப் பழக்கமான வேலை. சூரியன் எவ்வளவு பெரியது என்று கேட்ட ஒருவருக்கு, மொத்தச் சூரியக் குடும்பத்தையும் நூறு கிலோ மூட்டையாகக் கட்டினால் தொண்ணூற்று ஒன்பது கிலோ எண்ணூற்று அறுபது கிராம் சூரியன் மட்டுமே, மிச்ச நூற்று நாற்பது கிராமில்தான் எல்லாக் கோளும் என்று எழுதினேன். பூமி தட்டை என்று வம்பு செய்த ஒருவனை வேறு கடை பார் என்று விரட்டினேன். நௌஷாத் என்றால் பொறுமையாக விளக்கியிருப்பான்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. வீட்டில் எதைத்தான் சொன்னேன்? சுரையா சாப்பாடு வைப்பாள், நான் சாப்பிடுவேன். கேஸ் தீர்ந்துவிட்டதா, கரண்ட் பில் கட்டியாச்சா, இதுதான் பேச்சு. நௌஷாத்தின் அறையை அவள் தினமும் கூட்டுவாள். ஜன்னலோரம் அவன் கோயமுத்தூரில் வாங்கி வந்த டெலஸ்கோப் நின்றது. இந்த ஊர்ப் பனியில் அதில் எதுவும் உருப்படியாகத் தெரிந்ததில்லை. அதற்கு அவனுடைய தலையணை உறையைப் போட்டு மூடியிருந்தாள்.

புது வீடியோ இல்லாத சேனலுக்கு எத்தனை நாள் ஆள் வரும்? கேள்விகள் குறைந்தன. சீசன் இல்லாத மாதம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் குன்னூர் மாணவி வந்தாள். படம் இல்லை, அந்தப் பெயர் மட்டும்தான். எட்டாம் வகுப்பு என்று எழுதியிருந்தாள்.

மற்றவர்கள் மாதிரி இல்லை அவள். சூரியனுக்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேட்டாள். அதற்கு முன்பே எரிந்து செத்த நட்சத்திரங்களின் தூசியும் அந்த மேகத்தில் இருந்தது, நம் உடம்பில் இருக்கும் இரும்பும் அங்கிருந்து வந்ததுதான் என்று எழுதினேன். இன்னொரு நாள், 'நிலா வருசா வருசம் விலகிப் போகுதாமே, பூமிக்கு அது தெரியுமா அண்ணா?' என்று கேட்டாள். வருடத்துக்கு ஒன்றரை அங்குலம் விலகுகிறது, அதோடு பூமி சுற்றுவதும் துளித்துளியாக மெதுவாகிறது, நாள் நீளமாகிறது என்று பதில் போட்டேன். 'ஆமாண்ணா, நாள் நீளமாத்தான் இருக்கு' என்று எழுதினாள். பரீட்சை நேரம் போலிருக்கிறது, பாவம் என்று சிரித்துக்கொண்டேன்.

என் மனதுக்குள் அந்தப் பெண் வளர்ந்துவிட்டாள். இரட்டைச் சடை, நீலச் சீருடை, குன்னூர் பஸ் ஸ்டாண்டில் பையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். வளர்ந்து பெரிய படிப்புப் படிப்பாள். உனக்கு இதில் எப்படி ஆர்வம் வந்தது என்று ஒருநாள் யாராவது கேட்பார்கள். நௌஷாத் அண்ணா என்று சொல்வாள். என் பிள்ளை கபர்ஸ்தானில் கிடந்தாலும் எங்கேயோ ஒரு வாயில் அவன் பெயர் இருக்கும். எனக்கு அது போதும். ஆயிரம் பேர் வேண்டாம், அந்த ஒருத்தி போதும்.

போன வியாழக்கிழமை அவள் ஒன்று கேட்டாள். 'சூரியன் அணைஞ்ச பிறகு கோள்கள் எல்லாம் என்ன ஆகும் அண்ணா? நின்னுருமா?' அன்றைக்குக் கடையில் கூட்டம், எழுத நேரமில்லை. மறுநாள் ஜும்மா தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன். சுரையா சமையலறையில் இருந்தாள். நான் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து நௌஷாத்தின் போனை எடுத்தேன். தொழுகையிலேயே தீர்மானம் செய்துவிட்டிருந்தேன்.

'தங்கச்சி, இந்தக் கேள்விக்கு அப்புறம் பதில் எழுதறேன். அதுக்கு முன்னாடி உன் ஸ்கூல் பேரு சொல்லு. என்கிட்ட ஒரு டெலஸ்கோப் இருக்கு. ஸ்கூலுக்கே கொண்டுவந்து தரச் சொல்றேன். அது இனிமே உனக்குத்தான்' என்று எழுதி அனுப்பினேன்.

சமையலறையில் சுரையாவின் போன் ஒருமுறை ஒலித்தது. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. கரண்டியும் கையுமாக அவள் வாசற்படிக்கு வந்தாள்.

"ஏனுங்க, அந்த டெலஸ்கோப்பை யாருக்கும் குடுக்காதீங்க. அவன் கை பட்டது அது ஒண்ணுதான் ஊட்டுல மிச்சம்."

"யாரு குடுக்கறா? எல்லாம் பத்திரமாத்தான் இருக்கும்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, டெலஸ்கோப்பைப் பற்றி நான் இவளிடம் எதுவும் சொல்லவே இல்லை. அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கரண்டியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"குன்னூர்ல ஒரு பொண்ணு" என்று ஆரம்பித்தேன்.

"இல்லைங்க."

"எட்டாவது படிக்குது. நல்லாக் கேள்வி கேக்கும்."

"அப்படி யாரும் இல்லைங்க. நான்தான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னை வெச்சு விளையாட்டா காட்டுன இத்தனை நாளு? அந்தப் பொண்ணு பெரிய ஆளா வருவான்னு நான் நெனச்சுட்டு உக்காந்திருக்கேன்" என்று கத்தினேன். அவள் பயப்படவில்லை.

"நீங்க மட்டும் என்ன பண்ணுனீங்க? பேரு அவன் பேரு, பேசறது நீங்க. நான் ஒரு வார்த்தை சொன்னனா?"

"எப்ப இருந்து தெரியும்?"

"மொதப் பதில்லயேதானுங்க. வர்க்கின்னு எழுதியிருந்தீங்க. அவனுக்கு வர்க்கின்னாலே ஆகாதே."

ஆமாம். அவன் சின்ன வயதிலிருந்தே வர்க்கியைத் தொட்டதில்லை. அதைக்கூட நான் மறந்துபோயிருக்கிறேன். ஏன் கேட்டாய், தெரிந்தே ஏன் கேட்டாய் என்றேன். 

"ஊட்டுல நீங்க வாயே தெறக்கறதில்லைங்க. அதுல கேட்டா நாலு வரி சொன்னீங்க. மொதல்ல, அவன்தான் சொல்றான்னு மனசுல வெச்சுப் படிப்பேன். அப்பறம் அப்படி நெனைக்கவும் முடியல. நீங்கன்னு தெரிஞ்சேதான் படிச்சேன். நாள் போகோணுமே."

நாள் நீளமாத்தான் இருக்கு என்று எழுதியது இவள்தான். நான் அதைப் படித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

வேறு யாராவது இருப்பார்கள் என்று சேனலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். குன்னூர் மாணவி, குன்னூர் மாணவி, குன்னூர் மாணவி. போன வருடம் வரைக்கும் தள்ளிய பிறகுதான் வேறொரு பெயர் வந்தது. 'இந்தச் சேனல் செத்துப்போச்சு போல' என்று எவனோ எழுதியிருந்தான். அதைப் பார்த்த ஞாபகம் இருந்தது. நான் பதில் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு ஒரு ஆளும் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும்தான் உள்ளே உட்கார்ந்து விற்றுக்கொண்டும் வாங்கிக்கொண்டும் இருந்திருக்கிறோம். குன்னூரில் பஸ்ஸுக்கு யாரும் நிற்கவில்லை. அவன் பெயரைச் சொல்ல எங்கேயும் ஒரு வாய் இல்லை. அன்றைக்குத்தான் என் பிள்ளை எனக்கு முழுதாகச் செத்தான்.

சோறு அடிப்பிடித்த வாசனை வந்தது. சுரையா எழுந்து போனாள். தட்டு வைத்து, கருகாத சோறாகப் பார்த்து எனக்கு எடுத்துப் போட்டாள். குனிந்தபடியே கேட்டாள்.

"அந்தக் கேள்விக்கு நீங்க பதில் சொல்லலைங்களே."

இரண்டு வருடத்தில் அவள் முகத்துக்கு நேரே நான் சொன்ன முதல் பதில் அது. "நிக்காது. பக்கத்துல இருக்கறதைச் சூரியன் சாகறப்பவே முழுங்கிரும். தூரத்துல இருக்கறது சுத்திட்டேதான் இருக்கும்."

"அணைஞ்சு போனதைச் சுத்தியா? வெளிச்சமே இல்லாமயா?"

"வெளிச்சத்துக்காக அதுக சுத்தலை, சுரையா. வெளிச்சம் போயிரும். பாதி எடை அங்கேயேதான் கெடக்கும். இழுத்துப் புடிக்க அது போதும்."

"எத்தனை காலத்துக்குங்க?"

"ரொம்பக் காலத்துக்கு."

அவள் தலையாட்டிவிட்டு ரசம் ஊற்றினாள். நான் சாப்பிட்டுவிட்டுக் கடையைத் திறக்கப் போனேன். டெலஸ்கோப் ஜன்னலோரம் உறையோடு நிற்கிறது. அன்றைக்குப் பிறகு குன்னூர் மாணவி எதுவும் கேட்கவில்லை. சுரையாவும் கேட்கவில்லை.