இருநூறாவது மடல்

அலுவலகத்தில் வந்து இறங்கிய கறுப்புப் பெட்டிக்குள் எல்லாமே முன்கூட்டிச் செய்து வைக்கப்பட்டிருந்தன. மின்னஞ்சல் சர்வர், ஊழியர் பட்டியல், வாசற்கதவு அட்டை, தொலைபேசி என்று ஒன்று பாக்கியில்லை. குப்பை மடல்களை வடிகட்ட மட்டும் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். இருநூறு நல்ல மடல், இருநூறு குப்பை மடல் காட்டினால் மீதியை அதுவே கற்றுக்கொள்ளும்.

அந்த வேலை, கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சர்வர்காரர் தலையில் விழுந்தது. மேலாளரும் கை கொடுத்தார்: ‘தலைமை நிர்வாகி’ என்ற கட்டத்தில் தன் பெயரை மூன்று பட்டங்களோடு, ஒற்றை விரலால், கால் மணி நேரம் தட்டினார்.

“என் ஒப்புதல் இல்லாம இதுல ஒரு துரும்பு அசையக் கூடாது.”

“சரிங்க சார். அப்புறம் என் லீவு... வெள்ளிக்கிழமை பொண்ணுக்குத் தொண்டையில ஆபரேஷன். நான் பக்கத்துல இல்லாட்டி உள்ளயே போக மாட்டேங்கிறா. மூணு தடவை மெயில் போட்டுட்டேன்.”

“முறையான படிவத்துல போடுய்யா.”

மூன்று முறையும் படிவத்தில்தான் போட்டிருந்தார்.

நல்ல மடல் சுலபமாகத் தேறியது. குப்பையோ, லாட்டரிப் பரிசு, வழுக்கைத் தைலம் என்று நூற்று எழுபதோடு நின்றுவிட்டது. சர்வர்காரர் சும்மா இருக்கவில்லை. ‘குடும்பமாக உழைப்போம்’ தொடங்கி ‘கழிப்பறைத் தூய்மையும் நம் தொலைநோக்கும்’ வரை மேலாளரின் சுற்றறிக்கைகள் இருபத்தொன்பதை அள்ளிப் போட்டார். இன்னும் ஒன்று வேண்டும். வந்த எரிச்சலில், பதிலே வராத தன் லீவு மடலையும் அதே குவியலில் இழுத்துவிட்டார்.

புதன்கிழமை மேலாளரின் அட்டைக்கு வாசற்கதவு திறக்கவில்லை. யாரோ திறந்தபோது பின்னாலேயே நுழைந்து கம்பீரமாக “குட் மார்னிங்” சொன்னார். ஒரு தலை நிமிரவில்லை. மாலையில் வரவேற்பாளர் அவர் அறைக்கு வந்து, நாற்காலியில் அவர் இருக்கும்போதே விளக்கை அணைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு போனார். சர்வர்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தன் கண்ணுக்கு மட்டும் அவர் எப்படித் தெரிகிறார் என்று அப்போது யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை சர்வர்காரரின் அட்டைக்கும் கதவு திறக்கவில்லை. கூட்டத்தோடு உள்ளே வந்தார். டீ கொண்டுவந்த அம்மா இடப்பக்கம் ஒரு கோப்பை, வலப்பக்கம் ஒரு கோப்பை வைத்துவிட்டு, நடுவில் யாருமே இல்லாததுபோல நகர்ந்தார். சர்வர்காரர் மேசைத் தொலைபேசியில் வீட்டுக்குப் போன் போட்டார்.

“ஹலோ? ஹலோ? அம்மா, யாருமே பேசலம்மா.”

“குட்டி, அப்பா பேசறேன்! அப்பாதான்!”

“வெறும் இரைச்சல்மா.”

“வெச்சிடுடி. ஏதாவது விளம்பரக் காலா இருக்கும்.”

பெட்டியிடம் ஓடினார். ‘கற்றதை மற’ என்ற பொத்தானை அமுக்கினார். தலைமை நிர்வாகியின் ஒப்புதல் மடல் தேவை என்றது திரை. ஒப்புதல் கேட்டு மேலாளருக்கு எழுதி அனுப்பினார். மடல் நேராகக் குப்பைக்குள் போய் விழுந்தது. குப்பையைப் படிக்கிற ஆள் இப்போது ஒருவர்தான்.

பூட்டிய அறையில், இருட்டில், திரை வெளிச்சம் முகத்தில் அடிக்க மேலாளர் உட்கார்ந்திருந்தார். சர்வர்காரர் கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

“சார், சரின்னு ஒரு வார்த்தை போடுங்க. ரெண்டு பேரும் வெளிய வந்துடலாம். நாளைக்கு என் பொண்ணுக்கு...”

மேலாளர் திரும்பினார். இரண்டு நாளில் தன்னைத் தேடி வந்த முதல் ஆள். முகம் மலர்ந்தது. கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, ஒற்றை விரலால், நிதானமாகத் தட்டினார்.

பதில் வந்தது. பட்டங்கள் மூன்றும் இருந்தன. அவற்றுக்கு மேலே: ‘கோரிக்கை பெறப்பட்டது. முறையான படிவத்தில் மீண்டும் அனுப்பவும்.’

சர்வர்காரர் படிவத்தைத் திறந்து, நான்காவது முறையாக நிரப்ப ஆரம்பித்தார். வரவேற்பாளர் வந்து, அவர் தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.