அடுத்தவர் நிலத்தில் அஸ்திவாரம்

செந்தாமரை கொடுத்த தண்ணீரைச் சாமியம்மாள் குடிக்கவில்லை. சொம்பைக் காலருகே வைத்துவிட்டு, நாற்காலி காலியாக இருக்க, குவார்ட்டர்ஸ் கூடத்தின் வெறுந்தரையில் உட்கார்ந்துகொண்டாள். அவள் சண்டைக்கு வந்திருந்தால் செந்தாமரைக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"எங்க வூட்டுக்காரரு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில படுத்துகினு கெடக்காரும்மா. ஆப்ரேசனுக்கு அந்த மனைய வித்தாத்தான் உண்டு. வேற ஆளு வாங்கறன்றான். ஆனா ஒம் புருசன் கையெழுத்து போட்டாத்தான் பழைய அக்ரிமெண்டு ரத்தாவுமாம். ஒண்ணு வாங்கிக்கங்க. இல்ல, என்ன வுட்டுடுங்க."

சுவரில் சாய்ந்திருந்த மாமனார் சிங்காரவேல் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாமியம்மாளின் குள்ளஞ்சாவடி மனைக்கு, குவைத்தில் வேலை பார்க்கும் செந்தாமரையின் புருஷன் அறிவழகன் போன லீவில் வந்தபோதுதான் தன் பேரில் ஒப்பந்தம் பதிந்தான். கிரயம் அடுத்த லீவில் என்று பேச்சு. அதுவரை பொறுக்க அப்பனுக்கும் மகனுக்கும் முடியவில்லை. டவுன்ஷிப்பிலேயே காலத்தைக் கழித்தவர்களுக்கு வீடு என்றால் தெரிந்தது ஒரே வழி: சாவி கைக்கு வரும், வெள்ளையடித்துப் பால் காய்ச்சிக் குடிபோகலாம், காகிதமெல்லாம் பின்னால் மெதுவாக வரும். அதே நினைப்பில் அடுத்தவள் மனையில் கடைக்கால் தோண்டி, கல்லும் கட்டி, அக்கம்பக்கத்து பிளாக்குக்கெல்லாம் சாப்பாடு போட்டார்கள். சாமியம்மாளும் வந்து சாப்பிட்டாள்.

குவைத்துக்குத் திரும்பிய சில மாதத்தில் அவன் வேலை பார்த்த கம்பெனி மூடிக்கொண்டது. அக்காமா என்கிற தங்கும் அனுமதியை முதலாளி புதுப்பிக்கவில்லை, பாஸ்போர்ட்டையும் தரவில்லை. இரண்டும் இல்லாமல், அவனுக்குப் பதில் அப்பா கையெழுத்துப் போடத் தூதரகத்தில் பவர் எழுதித் தரவும் வழியில்லை. இப்போது ஒளிந்து ஒளிந்து வெல்டிங் கூலிக்குப் போகிறான். சிங்காரவேல் ரிட்டயர்டு ஆகிவிட்டார். குவார்ட்டர்ஸை இந்த மாதம் காலி செய்தே ஆக வேண்டும். எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

அவள் அறிவழகனை வீடியோவில் கூப்பிட்டு, சாமியம்மாள் சொன்னதையெல்லாம் சொன்னாள். அவன் முகம் இளைத்துப் போயிருந்தது.

"அந்தம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒரு வழிதான் இருக்கு. நானே போயி போலீஸ்ல சரண்டர் ஆனா கைரேகை எடுத்துட்டு பிளேன் ஏத்தி வுட்டுடுவாங்க. வந்து கையெழுத்து போட்டுடுவேன். ஆனா திரும்ப இங்க வர முடியாது, செந்தாமரை. அங்க வந்தா காண்ட்ராக்ட் வேலையாவது கெடைக்குமோ என்னமோ. நீ சொல்லு. வந்துடட்டுமா?"

அவன் வந்து கையெழுத்துப் போட்டால் மாமனாரின் ஓய்வுப் பணத்தில் மனை கிடைத்துவிடும். அதன்மேல் சுவர் எழுப்பப் பணம் வேண்டுமென்றால் அவன் குவைத்திலேதான் கிடந்தாக வேண்டும். எத்தனை முறை அவளே கேட்டிருக்கிறாள், எப்போ வருவீங்க, எப்போ வருவீங்க என்று. இன்று அவனே வரட்டுமா என்கிறான். வராதே என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அவன அங்கயே இருக்கச் சொல்லும்மா," என்றார் சிங்காரவேல், யாரையும் பார்க்காமல். "நாம எங்கனா வாடகைக்குப் போயிக்கலாம்."

சாமியம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

செந்தாமரை போனை முகத்தருகே கொண்டுபோனாள்.

"வந்துடுங்க," என்றாள்.

அவன் தலையாட்டினான். இணைப்பைத் துண்டிக்காமலே போனைக் கட்டிலில் வைத்துவிட்டான். அழுக்கேறிய கூரையும் சுற்றுகிற மின்விசிறியும் மட்டும் திரையில் தெரிந்தன. பையின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.