கூம்புக் கோப்பையில் சிராப்

திருவிழாவுக்கு முதல் நாள் வந்த பெட்டியைத் திறந்த குமரவேல் திகைத்துப்போனான். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சிராப் என்னும் ரோஜா சர்பத் கொடுப்பது அவன் பொறுப்பு. இணையத்தில் அவசரமாக வாங்கிய காகிதக் கோப்பைகள் எல்லாம் அடி கூராக, கூம்பு கூம்பாக இருந்தன.

"படத்துல வாயி மட்டுந்தான் தெரிஞ்சுது லா," என்றான் மனைவி லோகேஸ்வரியிடம்.

ரவாங் நகரத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவள் ஒன்றை எடுத்து அளந்தாள். ஆரம் மூன்றரை சென்டிமீட்டர், உயரம் ஒன்பது. கைப்பேசியில் தட்டினாள்.

"நூத்திப் பதினஞ்சு மில்லி. இதே வாய், இதே உயரத்துல நேர் கோப்பைன்னா மூனு மடங்கு புடிக்கும்."

குமரவேல் முகம் மலர்ந்தது. "அப்போ இருநூறு பேருக்குக் கலக்குற எழுபது லிட்டரு அறுநூறு பேருக்கு வருமா?"

"ஆளுக்கு ஒன்னுன்னா வரும்."

அவன் அதற்குள் பக்கத்துத் தோட்டங்களின் வாட்சாப் குழுக்களில் அழைப்பே போட்டுவிட்டான்.

மறுநாள் உச்சி வெயில். வரிசையில் முதலில் நின்ற இராஜம்மாவின் ஒரு கையில் சுண்டல், மறு கையில் கோப்பை.

"தம்பி, இத எங்க வைக்கிறது?"

"வைக்க முடியாதுக்கா. குடிச்சிடணும்."

ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார். "தொண்டைய நனைக்கல. இன்னொன்னு ஊத்து."

பின்னால் நின்றவர்களும் அப்படியே. வரிசை நகரவே இல்லை. கோப்பைகளை நிறைத்து நிறுத்தி வைத்தாலாவது வேகமாகுமே என்று குமரவேல் வீட்டுக்கு ஓடி, முட்டை அட்டைகளைக் கொண்டுவந்தான். ஒவ்வொரு குழியிலும் ஒரு கூம்பு கச்சிதமாக நின்றது. அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்த வேளையில் கோயில் தலைவர் விசுவலிங்கம் வந்தார்.

"என்ன தம்பி, கோயிலுக்குள்ள முட்டைத் தட்டோ?"

அட்டைகள் வெளியேறின. எல்லாரும் மறுபடி குடித்து, மறுபடி நீட்டினார்கள். தேர் வருவதற்குள் சிராப் கலக்கிய டிரம் காலி. இருநூறு பேர்கூடக் குடித்து முடிக்கவில்லை. குமரவேல் மோட்டார்சைக்கிளில் கோலசிலாங்கூர் பட்டணத்துக்குப் பறந்து, சிராப் போத்தல்களும் ஐஸும் வாங்கி வந்தான்.

சாயங்காலம் வியர்த்து விறுவிறுத்து மனைவியிடம் வந்தான். "உன் கணக்கு தப்பு லா."

"கணக்கு சரி. ஆளுக்கு ஒன்னுதான்னு அவங்ககிட்ட யாரு சொன்னா?"

அவன் கூம்பை நீட்டினான். லோகேஸ்வரி ஊற்றினாள். குடித்தான். மறுபடி நீட்டினான்.